பதினொரு பிள்ளைகளும் ஒரு தீர்மானமும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கேட்டில் வேலை பார்த்த நாகையாவுக்குப் பதினொரு பிள்ளைகள். இதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. குழப்பமெல்லாம் ஊருக்குத்தான். கேட்டைச் சாத்திவிட்டு ரயிலுக்காகக் காத்து நிற்கிற ஐந்து நிமிஷத்துக்குள், மாட்டுவண்டிக்காரர் முதல் மோட்டார் காரில் போகும் வக்கீல் வரை எல்லாரும் அவருக்கு ஒரு புத்திமதி சொன்னார்கள். "போதும் நாகையா, நிறுத்திக்க" என்றார்கள் சிலர். "இன்னொண்ணு பெத்து டஜனாக்கிடு" என்றார்கள் வேறு சிலர். ரயில் போனதும் நாகையா கேட்டைத் திறப்பார். புத்திமதி சொன்னவர்கள் அவரவர் வழியில் போய்விடுவார்கள்.

1931ஆம் வருஷம், அவருடைய ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பக்கத்து அறை காலியானது. அங்கே குடியிருந்த எஞ்சின் ஃபயர்மேனைக் கெமாஸுக்கு மாற்றிவிட்டார்கள். நாகையாவின் வீடு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். பிள்ளைகள் டின்னில் அடைத்த மத்திமீன் மாதிரி, ஒருவர் தலைக்கு அடுத்தவர் கால் என்று படுப்பார்கள். ஒருவர் புரண்டால் அத்தனை பேரும் புரள வேண்டும். அதற்காக அவர் மனைவி பவுனம்மாள் "திரும்பு" என்று ஒரு குரல் கொடுப்பதும் உண்டு. பக்கத்து அறை கிடைத்தால் ஆளாளுக்கு ஓரிரு தடவை சொந்த இஷ்டத்துக்குப் புரளலாம்.

நாகையா குவாட்டர்ஸ் ஆபீசுக்குப் போனார். அங்கே தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசைக் கந்தோர் என்பார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அறை இருக்கு நாகையா. ஆனால் ஒரு ரயில் கார்டும் கேட்டிருக்கிறார். கலியாணமாகாத ஆள். ரெண்டு சைக்கிளும் ஒரு நாயும் வைச்சிருக்கிறார், அதுகளுக்கு இடம் போதேல்லையாம்."

"எனக்குப் பதினோரு பிள்ளைங்கய்யா."

"எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிஞ்சது கந்தோருக்குத் தெரியாது. நீர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு ஒரு கௌரவமான சங்கத்திட்டை இருந்து கடிதம் வேண்டிக்கொண்டு வாரும். மாசக் கடைசிக்குள்ளை வரோணும். இல்லாட்டி அறை சைக்கிளுக்குப் போயிடும்."

பிரிக்பீல்ட்ஸில் அப்போது கௌரவமான சங்கம் என்றால் தமிழர் குடும்ப அபிவிருத்தி சபைதான். ஒரு கடைவீட்டு மாடியில், உள்ளே இருந்த அறையைவிட அகலமான பெயர்ப்பலகையோடு அது இயங்கிவந்தது. ஏழு ஆண்டுகளில் இருநூற்றுப் பதினான்கு தீர்மானங்களை அது நிறைவேற்றியிருந்தது. அவற்றில் பாதிக்கு மேல், அங்கத்தினர்கள் ஒருவருக்கொருவர் நன்றி தெரிவித்துக்கொண்ட தீர்மானங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு நாகையா துவைத்த சட்டையோடு மாடி ஏறினார். நடுவில் அக்கிராசனர் காசிவிஸ்வநாதன் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது பிரம்மசாரி. பிள்ளை வளர்ப்பைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியவர். இடப்பக்கம் சபையின் காரியதரிசி இராமலிங்கம், மராமத்து இலாகாவில் கிராணி. வலப்பக்கம் உபஅக்கிராசனர் பழனியப்பன், ஜவுளிக் கடை முதலாளி. இருவரும் ஒரே சபையில் இருந்ததற்குக் காரணம், எதிர்த்துப் பேச ஆள் வேண்டும் என்பதுதான்.

நாகையா விஷயத்தைச் சொன்னார். காசிவிஸ்வநாதன் பேனாவை எடுத்தார். ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இராமலிங்கம் மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால்.

"குழந்தைகள் எத்தனை?"

"பதினொண்ணுங்க."

பேனா நின்றது. இராமலிங்கம் எழுந்தார்.

"அக்கிராசனர் அவர்களே, ஒரு ஒழுங்குப் பிரச்சினை. இவருக்குக் கடிதம் கொடுத்தால், பதினொரு பிள்ளைகளைச் சபை அங்கீகரித்ததாக ஆகிவிடாதா?"

பழனியப்பனும் எழுந்தார். "கொடுக்காவிட்டால், பதினொரு பிள்ளைகளைச் சபை கண்டித்ததாக ஆகிவிடாதா?"

"நான் அறைக்குத்தாங்க வந்தேன்" என்றார் நாகையா.

"உட்காருங்கள்" என்றார் காசிவிஸ்வநாதன். நாற்காலி எதுவும் காலியில்லை என்பதால் நாகையா நின்றுகொண்டே இருந்தார்.

மூன்று மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: அதிகப் பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது நன்மையா தீமையா என்று முதலில் சபை முடிவு செய்யும், முடிவு தெரிந்த பிறகு நாகையா நல்லவரா இல்லையா என்பது தானே விளங்கிவிடும். நேரில் பார்த்துவர ஓர் உபகமிட்டி. பிறகு கிள்ளானில் நடக்கும் ஆண்டு மகாநாட்டில் வாக்கெடுப்பு. மகாநாடு மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுக்கு வந்த நாகையாவிடம் பவுனம்மாள் கேட்டாள். "கடுதாசி கெடைச்சுதா?"

"இல்ல. கமிட்டி கெடைச்சிருக்கு."

புதன்கிழமை உபகமிட்டி வந்தது. அக்கிராசனரும் இராமலிங்கமும் பழனியப்பனும்தான் உபகமிட்டி. முதல் காரியமாகப் பிள்ளைகளை எண்ணினார்கள். இராமலிங்கம் எண்ணியபோது பதினான்கு வந்தது. பழனியப்பன் எண்ணியபோது ஒன்பது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் நின்றதும், ஒரு பெண் தண்ணீர் பிடிக்கப் போனதும், ஒரு பையன் பழனியப்பனின் குடைக்குள் நின்றதும் பிறகுதான் தெரிந்தன. மூத்தவள் நல்லம்மாள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதினொன்று சரியாக வந்தது. 'தாயாருக்குத் தன் பிள்ளைகளின் தொகை உடனடியாகத் தெரியவில்லை' என்று இராமலிங்கம் குறித்துக்கொண்டார். பவுனம்மாள் அப்போது அடுப்படியில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

காசிவிஸ்வநாதன் ஐந்து மாதக் கைக்குழந்தைக்கு முன் குனிந்து, "உனக்குப் போதிய கவனிப்புக் கிடைக்கிறதா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு 'பதில் இல்லை' என்று எழுதினார்.

அடுத்துத் தம் புத்தகத்தைத் திறந்தார்.

"அம்மா, ஒவ்வொரு குழந்தையோடும் தினம் ஒரு மணி நேரம் தனிமையில் அளவளாவ வேண்டும். இது பதினைந்தாம் பக்கம். குழந்தை சாப்பிடும்போது தாய் அருகில் அமர்ந்து புன்னகைக்க வேண்டும், அது அரை மணி. குழந்தை தூங்கும்வரை நீதிக் கதை, அது அரை மணி. பின்பற்றுகிறீர்களா?"

பவுனம்மாள் விரல் விட்டுப் பார்த்தாள். "ஒரு பிள்ளைக்கு ரெண்டு மணி நேரம். பதினோரு பிள்ளைக்கு இருவத்திரண்டு மணி நேரம். மிச்சம் ரெண்டு மணி நேரத்துல நான் தூங்கணுமா, சோறாக்கணுமாங்க?"

காசிவிஸ்வநாதன் பக்கத்தைப் புரட்டினார். முன்னும் புரட்டினார், பின்னும் புரட்டினார். "அது இரண்டாம் பதிப்பில் வரும்" என்றார்.

மகாநாட்டுக்கு மொத்தக் குடும்பமும் வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. பிள்ளைகள் சான்றுகளாம். பழனியப்பன் தம் கடையிலிருந்து ஒரே கோடு போட்ட துணியில் பதினொரு பேருக்கும் சட்டையும் பாவாடையும் நிஜாரும் தருவதாகச் சொன்னார். முதுகில் கடையின் பெயர் இருக்கும். இராமலிங்கம் ஆட்சேபித்தார். பிள்ளைகள் புதுத்துணியில் வந்தால் வறுமையைப் பற்றித் தாம் தயாரித்த பேச்சு வீணாகிவிடும் என்றார். இரண்டு நாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு சமரசம் ஏற்பட்டது: மேலுக்குப் புதுத்துணி, கீழுக்குப் பழந்துணி.

அந்தக் கோலத்தில்தான் பதினொரு பேரும் கோலாலம்பூர் ஸ்டேஷனில் கிள்ளான் ரயில் ஏறினார்கள். நாகையாவுக்கு ரயிலை வெளியே நின்று பார்த்தே பழக்கம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும், வழியில் வந்த ஒவ்வொரு கேட்டிலும் நிற்பவருக்குத் தலையை வெளியே நீட்டிக் கும்பிடு போட்டுக்கொண்டே போனார். பவுனம்மாளும் பிள்ளைகளும் போட்டார்கள். பத்தூ தீகாவில் கேட்டுக்காரர் ஒருவர் பதின்மூன்று கும்பிடுகளைப் பெற்றுத் திகைத்துப்போய்க் கொடியை மாற்றிக் காட்டிவிட்டார். ரயில் கொஞ்ச நேரம் நின்று, யோசித்து, பிறகு போயிற்று.

கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். முந்நூறு பேர். தோரணம், மாலை, மேடையில் வெற்றிலைத் தட்டு. பிள்ளைகளை உயரப்படி மேடையோரம் நிறுத்தி, கழுத்தில் நூல் கட்டி, ஒன்று முதல் பதினொன்று வரை அட்டை தொங்கவிட்டார்கள். பதினொன்றாம் நம்பர் பவுனம்மாளின் இடுப்பில் இருந்தபடி தன் அட்டையைத் தின்னத் தொடங்கியது.

இராமலிங்கம் முதலில் பேசினார்.

"மகாஜனங்களே, இந்த நாட்டில் நம் சமூகம் ஏன் முன்னேறவில்லை? இதோ, மேடையோரம் பாருங்கள். ஆறாம் நம்பரைப் பாருங்கள். நெஞ்செலும்பு தெரிகிறது."

ஆறாம் நம்பர் பாலன், பத்து வயது. எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, மரியாதைக்காக இருமினான்.

"கேட்டீர்களா? இதற்கு ஒரே மருந்து மிதம். இரண்டு பிள்ளைகள். மிஞ்சினால் மூன்று."

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "காரியதரிசி வீட்டில் எத்தனை?"

இராமலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார். "எட்டு. ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது வேறு விஷயம். படித்தவன் வீட்டில் பிறப்பது சந்தானம். கேட்டுக்காரன் வீட்டில் பிறப்பது ஜனத்தொகை. இந்த வித்தியாசத்தை நம் ஜனங்களுக்குப் புரியவைக்கத்தான் நான் ஓய்வில்லாமல் உழைக்கிறேன். வீட்டுக்குப் போகவே நேரமில்லை. போன வாரம் என் ஐந்தாவது பையன் என்னைப் பார்த்து, யாரு வந்திருக்காங்க என்று தாயாரைக் கேட்டான்."

பலத்த கைதட்டல்.

அடுத்துப் பழனியப்பன்.

"காரியதரிசிக்குக் கண் சரியில்லை. அதே ஆறாம் நம்பரைப் பாருங்கள். இரும்பு."

பாலன் இருமலை நிறுத்திக் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான். யாரையும் ஏமாற்ற அவனுக்கு மனமில்லை.

"பிள்ளைகள் நம் செல்வம். பெறுங்கள். தயங்காமல் பெறுங்கள். எனக்குக் காஜாங் பக்கம் மூன்று ரப்பர் தோட்டத்தில் பங்கு இருக்கிறது. மரம் ஆயிரக்கணக்கில் நிற்கிறது, பால் வெட்ட ஆளில்லை. சிறு கை என்றால் கூலியும் சிறிதுதான். ஒரு தாய் பெறுகிறாள் என்றால் ஒரு தோட்டம் பிழைக்கிறது."

அதே குரல் மறுபடி வந்தது. "ஒங்களுக்கு எத்தனைங்க?"

"ஒரே பையன்" என்றார் பழனியப்பன் பெருமையோடு. "சொத்துப் பிரியக்கூடாது பாருங்கள்."

அதற்கும் பலத்த கைதட்டல். இரண்டு கைதட்டலும் ஒரே அளவாக இருந்தன.

இதற்கிடையில் பத்தாம் நம்பர் மாரியாயி, இரண்டு வயது, வரிசையை விட்டுக் கிளம்பிவிட்டாள். மேடைப் படியில் தவழ்ந்து ஏறி, அக்கிராசனரின் வேட்டியைப் பிடித்து எழுந்து, அவருடைய கடிகாரச் சங்கிலியைப் பற்றி இழுத்தாள். காசிவிஸ்வநாதன் இந்த நிலைமைக்கு விதி ஏதாவது உண்டா என்று இராமலிங்கத்தைக் கேட்டார். இல்லை என்றார் அவர். விதி இல்லாததால், பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது பக்கம் எழுதியவர் ஒரு பிள்ளையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. பானையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினார். மாரியாயி அதைப் பெரிதுபடுத்தவில்லை. கடிகாரத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு அவர் வயிற்றில் சாய்ந்தாள்.

"தாயாரையும் ஒரு வார்த்தை கேட்கலாமே" என்றார் பழனியப்பன். அவள் தம் பக்கம்தான் பேசுவாள் என்று நம்பினார்.

"அது நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் இராமலிங்கம்.

பவுனம்மாள் அதற்குள் இரண்டடி முன்னால் வந்திருந்தாள். கைக்குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். கிராணி ஐயா ரெண்டு, மூணு போதும்கறாரு. நம்பர் போட்டுத்தான் நிறுத்தி வச்சிருக்கீங்க. இதுல எந்த நம்பர் வேணாம்னு சொல்லிடுங்க."

இராமலிங்கம் வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. எட்டாம் நம்பருக்கு முன்பல் இரண்டு இல்லை. அது அவரைப் பார்த்துச் சிரித்தது.

"அம்மா, அது... பொதுவாகச் சொன்னது" என்றார்.

"பொதுவா நான் பெக்கலீங்களே. ஒவ்வொண்ணாத்தானே பெத்தேன்."

பழனியப்பன் மேசையைத் தட்டிச் சிரித்தார். பவுனம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"முதலாளி பெறு பெறுங்கறாரு. ஏழாவது பிரசவத்துல மூணு நாளு நான் கண்ணு தெறக்கல. மருத்துவச்சி கையைக் கழுவிட்டுப் போயிட்டா. இந்த மனுசன் கேட்டுல நின்னு கொடியையும் காட்டிக்கிட்டு அழுதுகிட்டும் இருந்தாரு. அன்னிக்கு ஒங்க தோட்டத்துலேருந்து யாரும் வந்து எட்டிப் பாக்கலீங்க. இனிமே எனக்குப் பெத்துக்கச் சொல்லவும் ஆள் வேணாம், நிறுத்தச் சொல்லவும் ஆள் வேணாம். படுக்க ஒரு ரூமு வேணும். அவ்வளவுதான்."

மண்டபம் அமைதியாயிற்று. நாகையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் ஏதாவது நல்லது நடந்திருக்கும். ஆனால் அனுபவமுள்ள சபை அது. "வாக்கெடுப்பு" என்று யாரோ சொன்னார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். நன்மை என்று நூற்று நாற்பத்தொன்பது கை. தீமை என்று நூற்று நாற்பத்தொன்பது கை. பாலன் இரண்டு தடவையும் தூக்கினான், அதைத் தள்ளிவிட்டார்கள்.

சமம் என்றால் முடிவு அக்கிராசனர் கையில். சபை விதிப்படி அவர் எழுந்து நின்று, உரத்த குரலில் தம் வாக்கை அறிவிக்க வேண்டும். முந்நூறு பேரும் காசிவிஸ்வநாதனைப் பார்த்தார்கள்.

காசிவிஸ்வநாதன் எழவில்லை.

இராமலிங்கம் அருகில் போனார். "அக்கிராசனர் அவர்களே, எழுந்திருங்கள்."

"உஷ்" என்றார் அக்கிராசனர். "தூங்குகிறது."

மாரியாயி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தில் எச்சில் ஒரு வட்டமாகப் பரவியிருந்தது. அவர் இடது கால் மரத்துப் போயிருந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அசையவில்லை.

"குழந்தையைத் தாயாரிடம் கொடுத்துவிடலாமே" என்றார் பழனியப்பன்.

"கை பட்டால் விழித்துக்கொள்ளும்" என்றார் காசிவிஸ்வநாதன். அது அவருடைய புத்தகத்தில் இல்லாத சங்கதி. கடந்த அரை மணி நேரத்தில் கற்றது.

சபை தர்மசங்கடத்தில் ஆழ்ந்தது. உட்கார்ந்தபடி வாக்களிக்க விதியைத் திருத்தலாமா என்று ஒருவர் கேட்டார். திருத்தத்தை உரக்க வாசிக்க வேண்டுமே என்றார் இன்னொருவர். எல்லாம் கிசுகிசுப்பாகவே நடந்தது. முந்நூறு பேர் ஒரே சமயத்தில் ரகசியம் பேசினால் மழை வருகிற மாதிரி சத்தம் கேட்கும் என்பதைக் கிள்ளான் அன்றுதான் அறிந்தது. நன்றியுரை சைகையில் நடந்தது. மாலை போட வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்காலால் நடந்து வந்தார்.

நாகையா மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி ரயிலை விட்டால் காலை வேலைக்குப் போக முடியாது. மறுநாளோடு மாதம் முடிகிறது. மேடையோரம் வந்து குனிந்து, "ஐயா, கடுதாசி" என்றார்.

காசிவிஸ்வநாதன் ஒரு கையால் காகிதம் கேட்டார். சபையின் பெயர் அச்சிட்ட தாள் வந்தது. 'இவர் நல்லவர்' என்று எழுதப் போனார். இராமலிங்கம் அவர் காதோரம் குனிந்தார். அப்படி எழுதினால் முடிவு செய்யப்படாத தீர்மானத்தை முடிவு செய்ததாகிவிடும் என்றார். 'இவரைப் பற்றிச் சொல்வதற்கில்லை' என்று எழுதப் போனார். பழனியப்பன் மறு காதில் ஆட்சேபித்தார். மாரியாயி கால் உதைத்துப் புரண்டாள். மூவரும் மூச்சை அடக்கினார்கள். அவள் மறுபடி தூங்கியதும் அக்கிராசனர் ஒரே வரி எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையைத் தொடை மேல் வைத்தே குத்தினார்.

ரயில் நேரம் வந்தபோது பவுனம்மாள்தான் போய் ஒரே அள்ளாக மாரியாயியை அள்ளித் தோளில் போட்டாள். பிள்ளை விழிக்கவில்லை. காசிவிஸ்வநாதன் எழ முயன்றார். மரத்த கால் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது காலை அல்ல, வெறுமையாகிவிட்ட மடியை.

"இவள் என்ன நம்பர்?" என்று கேட்டார்.

"மாரியாயிங்க" என்றாள் பவுனம்மாள், கடிகாரத்தை அவர் கையில் திருப்பி வைத்தபடியே.

மறுநாள் குவாட்டர்ஸ் ஆபீசில் கார்த்திகேசு கடிதத்தைப் பிரித்தார். ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'இக்கடிதம் கொண்டுவரும் நாகையாவைப் பற்றி இச்சபைக்கு எவ்வித அபிப்பிராயமும் இல்லை.'

நாகையாவுக்கு வாசிக்கத் தெரியாது. கார்த்திகேசின் முகத்தை வாசித்தார். அதுவும் புரியவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் கந்தோரிலை இருக்கிறன்" என்றார் கார்த்திகேசு மெதுவாக. "சந்திரனைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்ன சங்கங்கள் இருக்கு. ஸ்டேஷன் மாஸ்டரின்ரை மீசையைப் பற்றித் தீர்மானம் போட்ட சங்கமும் இருக்கு. ஒரு மனுசனைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை எண்டு ஒரு சங்கம் எழுதினதை நான் இண்டைக்குத்தான் காணுறன். இவ்வளவு பேர் தேடியும் உம்மிலை ஒண்டும் அகப்படேல்லை. அப்ப நீர் உத்தமன்தான்."

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அன்று சாயங்காலமே பிள்ளைகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினார்கள். எந்த மூலை யாருக்கு என்று பெரிய சண்டை. நாகையா நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கி நிறுத்தப் பார்த்தார். ரயிலுக்குப் பலித்தது அங்கே பலிக்கவில்லை. பாலன் சுவரோரம் கிடந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காரணமில்லாமல் புரண்டுகொண்டிருந்தான். கைக்குழந்தை நல்லம்மாள் இடுப்பில் இருந்தது. பவுனம்மாளை மட்டும் காணவில்லை.

நாகையா பழைய அறைக்கு வந்தார். அங்கே யாருமில்லாத தரையில், சுவரில் சாய்ந்து, காலை முழுதாக நீட்டி பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு குவளை காப்பி. ஆவி பறந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் காப்பி குடித்து அவர் பார்த்திருக்கிறார். அது ஆவி பறக்க இருந்து பார்த்ததில்லை.

நாகையா பக்கத்தில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் கையை நீட்டினார்.

பவுனம்மாள் குவளையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒங்களுக்கு வேணும்னா தனியாப் போட்டுக்குங்க" என்றாள். "இது எனக்கு."